விலையை வாங்குபவரிடம் விடும் விற்பனை: செட்டிநாட்டு இண்டி (தனித்து இயங்கும்) கேம் தயாரிப்பாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

‘உங்களுக்குத் தோன்றியதைக் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கேம் விற்கும் முறையை வெளியீட்டு நாளன்றே கையில் எடுத்தால் பெரும்பாலும் கையைச் சுடும். கேம் ஒரு நிலையான விலைக்குச் சில மாதம் விற்று, அந்த விலை நாலு பேர் மனதில் பதிந்த பிறகு, ஏழு முதல் பத்து நாளுக்கு மட்டும் திறந்தால் பலன் உண்டு. கீழே வரும் படிகள் எல்லாம் இதை ஒட்டியே போகும்.

கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு மாதிரி கேம் வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதிக்கும் ஒரு புதிர் கேம் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அறை அறையாக வண்ணச் சிமெண்ட் கரைசலை ஊற்றி, அச்சைக் கலையாமல் தூக்கி, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பின்பக்கம் சாந்து அப்பி மட்டம் செய்து, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவது பட்டறை வேலை. சூளை கிடையாது, பளபளப்பு முழுக்கக் கண்ணாடி தருவது. விளையாடுபவருக்கும் இதே வரிசைதான்: எந்த வண்ணம் முதலில், எந்த அறை கடைசியில். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வீட்டின் உள்ளே போகப் போகக் கோலம் கடினமாகும். காரைக்குடியில் ஒருவர் ஒரு வருடம் உட்கார்ந்து முடிக்கக்கூடிய அளவு வேலை.

படி 1: பேரேட்டைத் திறக்கவும்

விலை பற்றிப் பேசுவதற்கு முன் செலவு தெரிய வேண்டும். மாதம் 25,000 ரூபாய் வீட்டுச் செலவு என்றால் வருடத்துக்கு 3,00,000. இசைக்கு 30,000. ஆங்கில வசனம் திருத்துவதற்கும் எழுத்துரு உரிமத்துக்கும் 15,000. ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையின் நுழைவுக் கட்டணம் 100 டாலர், பழைய லேப்டாப் ஒன்றில் சோதிப்பதற்கான செலவு என்று இன்னொரு 15,000. மொத்தம் 3,60,000 ரூபாய். தன் சொந்தச் சாப்பாட்டைச் செலவில் எழுதாமல் விடுவதுதான் தனி ஆளாகக் கேம் செய்பவர்களிடம் அதிகம் காணப்படும் கணக்குப் பிழை. ‘அப்பா வீட்டில்தானே இருக்கிறேன்’ என்று தள்ளிவிட்டால், கேம் 60,000 ரூபாயிலேயே அசலைத் தாண்டிவிட்டதாகத் தோன்றும்.

ஸ்டீமில் விலை 4.99 டாலர் என்று வைப்போம். கடையின் பங்கு 30%. ஐரோப்பிய விலைக்குள் அவர்கள் நாட்டு வரி அடக்கம். பணம் திருப்பிக் கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் விற்ற பிரதிகளுக்கு வரிப் பிடித்தம் உண்டு. எல்லாம் போகப் பாதி கைக்கு வரும் என்று வைப்பது பாதுகாப்பான கணக்கு. ஒரு பிரதிக்கு 2.50 டாலர், டாலர் 85 ரூபாய் என்றால் 212 ரூபாய். அசல் எடுக்க ஏறத்தாழ 1,700 பிரதிகள் விற்க வேண்டும்.

இதே கேமை விரும்பிய விலைக்கு விற்று, சராசரியாக 2.03 டாலர் வருகிறது என்றால்? பணப் பரிமாற்றக் கட்டணமும் விற்கும் தளத்தின் 10 சதவீதப் பங்கும் போக 1.44 டாலர்தான் மிஞ்சும். அதாவது 122 ரூபாய். அசலுக்கு 2,950 பிரதிகள் வேண்டும். இந்த 2.03 உண்மையாக நடந்த ஒரு விற்பனையின் சராசரி.

படி 2: இதற்கு முன் நடந்ததைப் படிக்கவும்

2008 அக்டோபரில் வெளியான ‘வேர்ல்ட் ஆஃப் கூ’ கேமை, அதைச் செய்த டூடி பாய் என்ற இருவர் நிறுவனம், ஒரு வருடம் கழித்து 2009 அக்டோபரில் விரும்பிய விலைக்குத் திறந்தது. வழக்கமான விலை 20 டாலர். முதல் வாரத்தில் சுமார் 57,000 பேர் வாங்கினார்கள், சராசரி 2.03 டாலர். பெருக்கினால் 1.16 லட்சம் டாலர் அளவில் வரும். ஆனால் ஆயிரக்கணக்கானோர் கொடுத்தது ஒரே ஒரு சென்ட். அந்தச் சென்ட்டைப் பணப் பரிமாற்ற நிறுவனமே விழுங்கிக்கொண்டது. அதே வாரம் ஸ்டீமில் முழு விலை விற்பனை முந்தைய வாரத்தைவிட 40% கூடியது. திறந்த கடை எழுப்பிய பேச்சுக்கு, மூடிய கடையிலும் கல்லா நிறைந்தது. அதே வாரத்தில் ஸ்டீம் பக்கம் தயாராக இல்லாதவருக்கு இந்தக் கூடுதல் வருமானம் கிடையாது.

அடுத்தது 2010 மே மாத ஹம்பிள் இண்டி பண்டில். ஐந்து கேம்களை ஒன்றாகக் கட்டி, விலையை வாங்குபவரிடம் விட்டு, வந்த பணத்தைக் கேம் உருவாக்கியவர்களுக்கும் இரண்டு அறக்கட்டளைகளுக்கும் எப்படிப் பிரிப்பது என்பதையும் அவரிடமே விட்டார்கள். சுமார் 1,38,000 பேர், 12.7 லட்சம் டாலர், சராசரி 9 டாலருக்குச் சற்று மேல். லினக்ஸ்காரர்கள் சராசரியாக விண்டோஸ்காரர்களைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கொடுத்தார்கள். இந்தச் சராசரிகள் வாங்கும் பக்கத்திலேயே நேரலையாக ஓடிக்கொண்டிருந்தன. அதே வருடம் டிசம்பரில் வந்த இரண்டாவது பண்டிலில் ‘சராசரியைத் தாண்டினால் கூடுதல் கேம்கள்’ என்ற ஏற்பாடு சேர்ந்தது. சராசரி தானாக மேலே நகர இதைவிட எளிய வழி இல்லை.

மூன்றாவது சான்று கேம் உலகத்துக்கு வெளியே. 2010-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று, கேளிக்கைப் பூங்காவில் ராட்டினம் ஏறியவர்களுக்கு அவர்கள் புகைப்படத்தை நான்கு விதமாக விற்றுப் பார்த்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். 12.95 டாலர் நிலையான விலைக்கு வாங்கியவர்கள் 0.5%. ‘விரும்பியதைக் கொடுங்கள்’ என்றபோது 8.39%, ஆனால் சராசரி வெறும் 92 சென்ட். ‘விரும்பியதைக் கொடுங்கள், பாதி அறக்கட்டளைக்கு’ என்றபோது வாங்கியவர்கள் 4.49% ஆகக் குறைந்தார்கள், சராசரியோ 5.33 டாலராக எகிறியது. ஆயிரம் பேருக்குக் கணக்குப் போட்டால் முறையே 65, 77, 239 டாலர். கடைசித் தொகையில் பாதியைக் கொடுத்த பிறகும் கையில் 120 நிற்கிறது. நிலையான விலையோடு பாதி அறக்கட்டளைக்கு என்று சொன்னது மட்டும் பெரிதாக எதையும் மாற்றவில்லை.

வாங்குபவர் எண்ணிக்கை குறைந்தும் வருமானம் ஏன் கூடுகிறது? நல்ல காரியம் என்று எழுதிய இடத்தில் ஒரு சென்ட் போட மனசு கூசும். கூசுபவர் வாங்காமலே போய்விடுகிறார், மற்றவர் தாராளமாகக் கொடுக்கிறார். கல்யாண வீட்டில் மொய் நோட்டுக்கு முன்னால் நிற்பவர் 101-ஆ 501-ஆ என்று ஒரு நொடி யோசித்து 501 எழுதுவதும் இதே கூச்சம்தான்: பெயர் பதிவாகிறது, அடுத்தவர் எழுதியது மேலே தெரிகிறது. பெயரும் இல்லை, அடுத்தவர் தொகையும் தெரியாது, காரணமும் சொல்லவில்லை என்றால் 92 சென்ட்தான்.

படி 3: கடையைத் தேர்ந்தெடுக்கவும்

ஸ்டீமில் விரும்பிய விலை முறை கிடையாது. அது நிலையான விலைக் கடை. குறைந்தபட்ச விலை 99 சென்ட். ஆகவே இரண்டு கடை வேண்டும்: முழு விலைக்கு ஸ்டீம், திறந்த விற்பனைக்கு இட்ச் (itch.io).

2013-இல் தொடங்கிய இட்ச் தளம் தன் பங்கை விற்பவரே தீர்மானிக்க விடுகிறது. வழக்கமாக 10%, பூஜ்யமும் வைக்கலாம். 10-லேயே விட்டுவிடுவது நல்லது, அந்தத் தளம் உயிரோடு இருப்பது நமக்குத்தான் லாபம். கேமின் விலைப் பகுதியில் மூன்று தேர்வுகள் இருக்கும்: இலவசம் அல்லது நன்கொடை, கட்டணம், பணமே வேண்டாம். இங்கேதான் பலர் தவறான இடத்தைத் தொடுகிறார்கள். ‘நன்கொடை’யை எடுக்க வேண்டாம், ‘கட்டணம்’ எடுத்துக் குறைந்தபட்ச விலையைத் தாழ்வாக வைக்கவும். இட்ச்சில் குறைந்தபட்சத்துக்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்குபவர் கொடுக்கலாம். நன்கொடைத் தேர்வில் ‘வேண்டாம், நேரே டவுன்லோட்’ என்ற சுட்டி இருக்கும். பெரும்பாலோர் விரல் அங்கேதான் போகும்.

பணம் வாங்கும் முறையும் இரண்டு. உங்கள் பேபால் கணக்குக்கு நேரே வரவைப்பது ஒன்று. இட்ச் வசூலித்து வைத்திருந்து பிறகு அனுப்புவது மற்றொன்று. இரண்டாவதை எடுக்கவும். ஐரோப்பிய வரியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். முதல் முறையில் அந்தத் தலைவலி உங்களுடையது. இன்னொரு சிக்கலும் உண்டு. 2021 ஏப்ரல் முதல் பேபால் இந்தியாவுக்குள் உள்நாட்டுப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. அதனால் தேவகோட்டையில் இருக்கும் ஒருவர் காரைக்குடிக்காரருக்கு பேபால் வழியே பத்து ரூபாய்கூட அனுப்ப முடியாது. ஸ்ட்ரைப் என்ற பணம் வசூலிக்கும் நிறுவனம் இந்தியாவில் புதுக் கணக்குகளை அழைப்பின் பேரில் மட்டுமே எடுக்கிறது. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

உள்ளூர் வாங்குபவருக்கு யு.பி.ஐ. வழி வேண்டும். ரேசர்பே போன்ற நிறுவனங்களின் பணம் செலுத்தும் பக்கத்தில் ‘தொகையை வாடிக்கையாளர் தீர்மானிக்கலாம்’ என்ற புலம் உண்டு. கீழ் வரம்பும் வைக்கலாம். கணக்குத் திறக்க பான், வங்கிக் கணக்கு, பிறகு உங்கள் இணையதளத்தில் விதிமுறை, பணம் திருப்பும் கொள்கை, தனியுரிமை, தொடர்பு முகவரி ஆகிய பக்கங்கள் கேட்பார்கள். பொருளை அனுப்பும் கொள்கையும் கேட்பார்கள். ‘டிஜிட்டல் பொருள், மின்னஞ்சலில் சாவி அனுப்பப்படும்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். பணம் கட்டியவருக்கு இட்ச்சிலேயே உருவாக்கக்கூடிய டவுன்லோட் சாவியை (கோப்பை இறக்க உதவும் தனி இணைப்பை) அனுப்பிவிடலாம். கோப்பைக் கூகுள் டிரைவில் போட்டு இணைப்பைக் கொடுக்காதீர்கள். இரண்டாம் நாளே அது டெலிகிராம் குழுக்களில் சுற்றும், அப்டேட்டும் யாருக்கும் போய்ச் சேராது.

படி 4: கீழ் வரம்பு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படிக்கவும்.

அட்டை, பேபால் வழி வரும் ஒவ்வொரு பணத்திலும் இரண்டு பிடித்தம் உண்டு: சதவீதக் கணக்கில் ஒன்று, நிலைக்கட்டணமாக ஒன்று. இந்திய பேபால் கணக்குக்கு வெளிநாட்டிலிருந்து வந்தால் சுமார் 4.4 சதவீதமும் 30 சென்ட்டும். மேலே இட்ச் 10%. 25 சென்ட் கொடுத்தால் உங்களுக்குச் சுழியம். 1 டாலர் கொடுத்தால் 34 சென்ட் பேபாலுக்கு, 10 இட்ச்சுக்கு, 56 உங்களுக்கு. 2 டாலரில் 1.41 நிற்கும். 5 டாலரில் 3.98. இட்ச் வசூலிக்கும் முறையிலும் நிலைக்கட்டணம் ஏறத்தாழ இதே அளவுதான். சதவீதம் கொஞ்சம் குறையும். பிறகு டாலரை ரூபாயாக மாற்றும்போது இன்னொரு மூன்று நான்கு சதவீதம் கரையும்.

யு.பி.ஐ. பக்கம் நிலைக்கட்டணம் இல்லை. ரேசர்பேயின் வழக்கமான கட்டணம் 2%, அதன் மேல் 18% ஜி.எஸ்.டி.; ஆக 2.36%. 49 ரூபாய் வந்தால் 1.16 போகும், 47.84 நிற்கும். ஒரு டாலர், அதாவது 85 ரூபாய், பேபால் வழி வந்தால் நிற்பதும் ஏறக்குறைய 47.60தான். சிவகங்கையில் ஒரு கல்லூரி மாணவர் கொடுக்கும் 49 ரூபாயும் சிகாகோவிலிருந்து வரும் ஒரு டாலரும் உங்கள் கையில் ஒரே எடை.

ஆகவே இரண்டு வரம்பு வைக்கவும். டாலர் பக்கம் 2. ரூபாய் பக்கம் 49. சென்ட் கணக்கில் கீழே இறக்குவதால் வரும் கூட்டம் எண்ணிக்கையைக் காட்டும், பணம் காட்டாது. ஹம்பிள் நிறுவனமே இதை 2011 டிசம்பரில் கற்றுக்கொண்டது. ஸ்டீம் அப்போது நடத்திய ஒரு பரிசுப் போட்டியில் கூடுதல் கணக்குகளோடு கலந்துகொள்ள, ஒரு சென்ட்டுக்கு பண்டில் வாங்கி ஸ்டீம் சாவிகளை (கேமை ஸ்டீம் கணக்கில் சேர்க்கும் குறியீடுகளை) குவித்தார்கள். ஸ்டீம் சாவி வேண்டுமென்றால் குறைந்தது 1 டாலர் என்று வரம்பு போட வேண்டியதாயிற்று.

காசே இல்லாதவர்களை விட்டுவிட மனமில்லையா? இட்ச்சின் வெகுமதி வசதியில் ‘சமூகப் பிரதிகள்’ வைக்கவும். 8 டாலருக்கு மேல் கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் இலவசப் பிரதியை ஒதுக்கீட்டில் சேர்த்தால், தேவைப்பட்டவர் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்வார். வரம்பைச் சென்ட்டுக்கு இறக்குவதைவிட இது மரியாதையான வழி.

படி 5: பக்கத்தில் என்ன எழுதுவது

முழு விலை தெரிய வேண்டும். ‘ஸ்டீமில் வழக்கமான விலை 4.99 டாலர்’ என்று முதல் வரியிலேயே எழுதவும். ‘வேர்ல்ட் ஆஃப் கூ’ இருபது டாலர் கேம் என்று தெரிந்தவர்கள்தான் இரண்டு டாலர் கொடுத்தார்கள். விலையே தெரியாத கேமுக்கு மனம் எதைப் பிடித்துக்கொள்ளும்? முதல் நாளிலேயே திறந்த விற்பனை வேண்டாம் என்பதற்கு முழுக் காரணமும் இதுதான்.

தொகைப் பெட்டியில் முன்பே நிரப்பியிருக்கும் எண் முக்கியம். முழு விலையில் முக்கால் பங்கு வைக்கலாம்: 3.75 டாலர். ரூபாய்ப் பக்கத்தில் அதைவிடத் தாழ்வாக 149 ரூபாய். பத்து டாலர் என்று போட்டு வைத்தால் எரிச்சலில் அழித்துவிட்டுக் குறைந்தபட்சத்தை அடிப்பார்கள்.

மேல் படிகளில் கூடுதலாக ஏதாவது வைக்கவும், ஆனால் உங்களுக்குப் புது வேலை வைக்காததாக. 5 டாலருக்கு மேல் இசைத் தொகுப்பு. 8 டாலருக்கு மேல் ஐம்பது ஆத்தங்குடிக் கோலங்களின் உயர்தரப் படக் கோப்பு, வீட்டில் அச்சடித்துக்கொள்ள. கையெழுத்திட்ட அஞ்சலட்டை, நிஜக் கல் ஒன்று பார்சலில் என்றெல்லாம் ஆசை காட்டாதீர்கள். ஒரு கல் ஒன்றரை கிலோவுக்குக் குறையாது. டொரொண்டோவுக்கு அனுப்பும் செலவு கேமின் வருமானத்தையே தின்றுவிடும்.

அறப் பங்கு வைக்கலாமா? வைக்கலாம், பூங்கா ஆய்வு அதைத்தான் சொல்கிறது. லாபத்தில் மகமை எடுத்து வைக்கும் பழக்கம் இந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் புதிதல்ல. பங்கு குறிப்பிட்டதாக இருக்க வேண்டும்: ‘ஒரு பகுதி’ என்று எழுதாமல் ‘வரவில் 25%’ என்று எழுதவும். காரியமும் கேமோடு ஒட்ட வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களிலிருந்து இன்று சென்னையில் ஓர் ஆய்வு நூலகம் நடக்கிறது. பழைய வீடு, பழைய கைவேலை பற்றிய கேமுக்கு அந்த வகையான ஆவணப் பாதுகாப்புப் பணி பொருந்தும். சம்பந்தமே இல்லாத காரியம் விளம்பரமாகத்தான் தெரியும். ஓர் எச்சரிக்கை: வெளிநாட்டவர் பணம் நேரே அறக்கட்டளைக் கணக்குக்குப் போகும்படி ஏற்பாடு செய்ய வேண்டாம். அதைப் பெற அறக்கட்டளைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு வேண்டும். விற்பனை வரவு உங்கள் கணக்குக்கு வரட்டும், வரி கணக்கிட்ட பின் நீங்கள் கொடுத்து ரசீது வாங்கிப் பக்கத்தில் போடுங்கள். யாருக்குத் தருகிறீர்களோ அவர்களிடம் பெயரைப் பயன்படுத்த முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கவும்.

கேமில் வரும் வீட்டுப் படங்களுக்கும் அதே எழுத்து அனுமதி தேவை. இங்குள்ள பெரிய வீடுகள் பல, பங்காளிகள் பலருக்குப் பொதுவானவை. சாவி வைத்திருக்கும் ஒருவர் ‘எடுத்துக்குங்க தம்பி’ என்றது போதாது. விற்பனை சூடு பிடித்த பிறகு மலேசியாவிலிருந்து இன்னொரு பங்காளி கேட்பார்.

படி 6: நாளும் நேரமும்

ஸ்டீமின் கோடை விற்பனை, குளிர்கால விற்பனை நாட்களைத் தவிர்க்கவும். அந்த வாரங்களில் உங்கள் செய்தி யார் காதிலும் விழாது. ஏழு முதல் பத்து நாள் போதும். முதல் இரண்டு நாளிலும் கடைசி நாளிலும்தான் வரவு குவியும், நடுவில் தொங்கும். ஒரு மாதம் திறந்து வைத்தால் அந்தத் தொங்கல்தான் நீளும். கடைசித் தேதியைப் பக்கத்தின் உச்சியில் போடவும்.

ஸ்டீமில் தள்ளுபடிகள் மாறுவது பசிபிக் நேரம் காலை 10 மணிக்கு. நமக்கு அது கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் நம்மவர்கள் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அவர்களுக்கான அறிவிப்பை நம் மாலை ஐந்தரைக்கு விட்டால் அங்கே இரவு எட்டு. துணைமின் நிலையப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளை முதலிலேயே பார்த்துக்கொள்ளவும். கோப்புகளை ஏற்றும் வேலையை இரண்டு நாள் முன்பே முடித்து, வேறொரு கணினியில், வேறொரு கணக்கில் வாங்கி, இறக்கி, ஓட்டிப் பார்க்கவும்.

படி 7: ஸ்டீமையும் துணைக்கு வைத்துக்கொள்ளவும்

நுழைவுக் கட்டணமான 100 டாலர், கேம் 1,000 டாலர் வசூலித்த பிறகு திரும்ப வரும். கட்டணம் கட்டி 30 நாள் காத்திருப்பு, ‘விரைவில்’ பக்கம் குறைந்தது இரண்டு வாரம். விஷ்லிஸ்ட்டில், அதாவது பிறகு வாங்கும் பட்டியலில், சேர்த்தவர்களுக்கு, 20% அல்லது அதற்கு மேல் தள்ளுபடி வைத்தால் ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்பும். ஆகவே திறந்த விற்பனை ஓடும் அதே வாரம் ஸ்டீமில் ஒரு தள்ளுபடி வைக்கவும். அதற்கு முந்தைய தள்ளுபடி முடிந்து 30 நாள் ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. இதை மறந்து தேதி அறிவிப்பவர்கள் நிறையப் பேர்.

திறந்த விற்பனையில் ஸ்டீம் சாவி கொடுக்க வேண்டாம், பூட்டில்லாத கோப்பு மட்டும். மலிவாகக் கிடைக்கும் சாவி மறுவிற்பனைத் தளங்களுக்குப் போகும். சாவி வழி வந்தவர் எழுதும் விமர்சனம் ஸ்டீம் மதிப்பெண்ணில் சேராது. சாவிகளை வேறிடத்தில் மலிவாக விற்றால் ஸ்டீம் வாடிக்கையாளருக்கும் அதற்கு ஈடான சலுகை தர வேண்டும் என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் எதிர்பார்க்கிறது. விரும்பிய விலைக்கு ஈடு எது என்று வாதாட யாருக்கு நேரம்.

ஒரே கேமை ஓரிடத்தில் இலவசமாகவும் இன்னோரிடத்தில் விலைக்கும் விற்பது ஸ்டீம் விற்பனையைக் கெடுக்கும் என்ற பயம் பரவலாக உண்டு. ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்’ 2006 முதல் இலவசமாகவே கிடைத்து, நன்கொடையில் ஓடியது. 2022 டிசம்பரில் படமும் இசையும் சேர்ந்த பதிப்பு 29.99 டாலருக்கு ஸ்டீமில் வந்தது. 2023 ஜனவரியில் அதைச் செய்த ஆடம்ஸ் சகோதரர்கள் கணக்கில் வந்தது 72 லட்சம் டாலருக்கு மேல். பழைய இலவசப் பதிப்பு அப்போதும் அவர்கள் தளத்திலேயே இருந்தது. பதினாறு வருடம் சேர்ந்த ரசிகர் கூட்டம் எல்லோருக்கும் இல்லை என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

எங்கே உடையும்

திருட்டு அட்டைச் சோதனை. திருடிய அட்டை எண்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க, சிறு தொகை எடுக்கும் பக்கங்களைத்தான் மோசடிக்காரர்கள் தேடுவார்கள். ஒரே மணி நேரத்தில் குறைந்தபட்சத் தொகையில் வரிசையாக நூறு முயற்சி, பாதி தோல்வி என்றால் அதுதான். பிறகு உண்மையான அட்டைக்காரர் வங்கியில் புகார் செய்வார். பணமும் போகும், தகராறுக் கட்டணமும் உங்கள் தலையில் விழும். உங்கள் சொந்தப் பக்கத்தில் கேப்சா வைக்கவும், ரேசர்பே பக்கத்தில் வெளிநாட்டு அட்டையை மூடி வைக்கவும்.

சொந்த சர்வர். 300 எம்.பி. கேமைப் பத்தாயிரம் பேர் இறக்கினால் 3 டெராபைட். மாதம் 300 ரூபாய் ஹோஸ்டிங் அன்று மாலையே கைவிரிக்கும். கோப்பு இட்ச்சிலேயே இருக்கட்டும்.

ஆதரவு மின்னஞ்சல். இரண்டு டாலர் கொடுத்தவரும் இருபது டாலர் கொடுத்தவரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். திறந்த விற்பனையில் அந்தக் கேள்விகளின் எண்ணிக்கைதான் பல மடங்கு. விண்டோஸ் ‘தெரியாத மென்பொருள்’ என்று தடுப்பது, பழைய கிராஃபிக்ஸ் கார்டில் கறுப்புத் திரை, தமிழ் எழுத்துகளில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரிவது. மூன்றுக்கும் பதிலை முன்பே எழுதிப் பக்கத்தில் போடவும். மூன்றாவதற்கு உண்மையான தீர்வு, என்ஜினில் எழுத்து வடிவமைப்பு வசதி சரியாக இயங்குகிறதா என்று ‘கொ’, ‘பௌ’, ‘ஸ்ரீ’ மூன்றையும் தட்டிப் பார்ப்பது.

வங்கி, வரி

நடப்புக் கணக்குத் திறக்கும்போது தொழில் என்ற இடத்தில் ‘கேமிங்’ என்று எழுத வேண்டாம். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டதும் வங்கி மேசையில் ரம்மிதான் நினைவுக்கு வரும். 2025-இல் மத்திய அரசின் ஆன்லைன் பண விளையாட்டுத் தடைச் சட்டம் வந்த பிறகு இன்னும் மோசம். பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆட்டங்களுக்கானது அந்தச் சட்டம். விலைக்கு விற்கும் கேம் அதில் வராது. ‘மென்பொருள் உருவாக்கமும் ஏற்றுமதியும்’ என்பதே சரியான விவரம். வெளிநாட்டு வரவு ஒவ்வொன்றுக்கும் வங்கி தரும் வரவுச் சான்றைக் கோப்பில் சேர்க்கவும்.

ஸ்டீமின் வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து இந்திய–அமெரிக்க ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால் அமெரிக்க விற்பனையில் பிடித்தம் 30 சதவீதத்திலிருந்து 15 ஆகும். பிடித்த தொகையை இங்கே வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், அதற்குத் தனிப் படிவம் உண்டு. சேவைக்கான ஜி.எஸ்.டி. வரம்பு வருடம் 20 லட்சம் ரூபாய். ஏற்றுமதியும் அந்த மொத்தத்தில் சேரும். பதிவு செய்தவர் எல்.யு.டி. என்ற உறுதிமொழிப் படிவம் போட்டு வரியில்லாமல் ஏற்றுமதி செய்யலாம், உள்நாட்டு விற்பனைக்கு மட்டும் 18%. இவற்றை ஆடிட்டரிடம் விற்பனைக்கு முந்தைய மாதமே பேசிவிடவும். மார்ச் கடைசியில் போனால் அவர் முகம் கொடுக்க மாட்டார்.

முடிந்த பிறகு

கடைசித் தேதியன்று சொன்ன நேரத்தில் மூடவும். ‘மக்கள் கேட்டுக்கொண்டதால்’ நீட்டிப்பு ஒரு முறை எடுபடும், இரண்டாம் முறை முழு விலை கொடுத்தவர் கோபப்படுவார். விலை மறுபடியும் 4.99. ஐந்து எண்களைப் பேரேட்டில் எழுதவும்: பக்கத்துக்கு வந்தவர்கள், வாங்கியவர்கள், சராசரித் தொகை, நடுத் தொகை (தொகைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது), அதே வாரத்தின் ஸ்டீம் பிரதிகள். சராசரி 3 டாலர், நடுத் தொகை 2 என்றால் சில தாராளமானவர்கள்தான் உங்களைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். அடுத்த முறை மேல் படி வெகுமதிகளைச் செழுமையாக்கவும். இரண்டும் கீழ் வரம்பிலேயே ஒட்டி நின்றால் முழு விலை யார் மனதிலும் பதியவில்லை. அடுத்த ஆறு மாதம் ஸ்டீம் பக்கத்தையும் முன்னோட்டப் படத்தையும் சரி செய்வதில் போகட்டும்.

அறப் பங்கின் ரசீதை, தொகை தெரியும்படி, இரண்டு மாதத்துக்குள் இட்ச் பதிவில் போடவும். அடுத்த திறப்பு குறைந்தது ஒரு வருடம் கழித்து, புதிய கட்டு ஒன்று அப்டேட்டில் சேர்ந்த வாரத்தில்.